மதராசின் பெயரைச் சுமக்கும் குளவி

சென்னையின் தெற்குப் புறநகரில் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் சட்டத்தின் மேல்மூலையிலும் மின்மீட்டர் பெட்டியின் பின்புறத்திலும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் மெல்லிடைக் குளவிக்கு அறிவியல் வைத்திருக்கும் பெயர் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். பெயரின் பின்பாதி மதராசப்பட்டினமேதான். டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ் 1781இல் வெளியிட்ட நூலில் அதை ஸ்பெக்ஸ் மதராஸ்பட்டானா என்று பதிவு செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இந்தக் கடற்கரையில் இடம் வாங்கி ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகாத நேரம் அது. மதராஸ் சென்னையாகிவிட்டது. குளவியின் பெயரை மட்டும் எந்த அரசாணையும் மாற்ற முடியாது. முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பது விலங்குப் பெயரிடலின் விதி.

அந்தக் குளவி குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு அது வெறும் குளவி. தென்னை மட்டையில் குடம்போல் தொங்கும் கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் கிளம்பி ஆளைக் கொல்லக்கூடியதும் குளவிதான். கரப்பான் பூச்சியின் மீசையைப் பிடித்து இழுத்துப் போகும் பச்சைப் பூச்சியும் குளவிதான். புறநகர்ப் பேச்சில் இன்று மூன்றுக்கும் ஒரே சொல். முன்பு அப்படி இல்லை. தமிழ்நாட்டின் கிராமங்கள் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் வைத்திருந்தன. சில வட்டாரங்கள் இன்னும் வைத்திருக்கின்றன. பெரிய குளவிகளை இனம் பிரித்தறிந்த வரலாறு இந்த நாட்டுப் பெயர்களிலும் ஐரோப்பியரின் லத்தீன் பெயர்களிலுமாக இரண்டு தடங்களில் ஓடியிருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்ட இடங்கள் குறைவு.

பழைய இலக்கியத்தில் குளவி என்ற சொல்லைத் தேடுபவருக்கு முதலில் கிடைப்பது பூச்சியல்ல, பூ. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் வரும் குளவியைக் காட்டு மல்லிகை என்று உரைகள் கொள்கின்றன. உயிர்களைப் புலன் எண்ணிக்கையால் பிரிக்கும் தொல்காப்பிய மரபியல், எறும்பையும் கறையானையும் மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நாலறிவிலும் வைக்கிறது. குளவியின் பெயர் அங்கே இல்லாவிட்டாலும், பறந்து திரியும் பூச்சிக்கு ஊர்ந்து போகும் எறும்பைவிட ஒரு புலன் கூடுதல் என்று கண்ட அந்த வகுப்பில் அதன் இடம் தும்பியின் பக்கத்தில்தான் இருக்க முடியும். எறும்பும் குளவியும் நெருங்கிய உறவினர் என்பதும், எறும்பே பழங்காலக் குளவி வம்சத்திலிருந்து கிளைத்தது என்பதும் மிகப் பின்னால் வந்த அறிவு.

பேச்சு வழக்கு இலக்கியத்தைவிடக் கூர்மையாக இருந்தது. மரத்திலோ புதரிலோ பெருங்கூடு கட்டிக் கூட்டமாக வாழும் பெரிய கொட்டும் பூச்சியைக் காவிரிப் படுகை கதண்டு என்கிறது. கடந்தை என்ற சொல்லும் பெரிய குளவிக்கு உண்டு. மலையாளத்தின் கடந்நல் அதற்கு உறவு. தனியாகத் திரிந்து புழுவையோ சிலந்தியையோ பிடித்து வந்து அடைக்கும் குளவிக்கு வேட்டுவன், வேட்டுவாளி என்று பெயர். இந்தப் பெயர்களில் நிறத்துக்கு இடமில்லை. எப்படி வாழ்கிறது, எதைக் கொண்டு வருகிறது, எத்தனை பேராக வரும் என்பதே அளவுகோல். வயலில் நிற்பவருக்குத் தேவையான பாகுபாடும் அதுதான். வண்டு என்ற சொல்தான் கொஞ்சம் தாராளம். பூவில் தேன் குடிப்பதும் வண்டு, அரிசி மூட்டையில் புழுப்பதும் வண்டு, கதவு நிலையைத் துளைப்பதும் வண்டு. இந்தத் தாராளம் பின்னால் ஒரு குழப்பத்துக்கு வழி விட்டது.

வேட்டுவாளிக்குத் தமிழ்ச் சிந்தனையில் தனி இடம் கிடைத்தது. அது ஒரு புழுவைத் தூக்கி வருகிறது, மண்கூட்டில் வைத்து அடைக்கிறது, சில வாரம் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவது புழுவல்ல, குளவி. இதைப் பார்த்தவர்கள், குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன் உருவாக்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். கொட்டக் கொட்டக் குளவி என்ற சொலவடை அதிலிருந்து பிறந்தது. வடமொழியில் இது பிரமரகீட நியாயம். ஒன்றையே நினைத்திருப்பவன் அதுவாகவே ஆகிவிடுகிறான் என்பதற்கு வேதாந்த நூல்கள் இதை உவமை காட்டின. பாகவதத்தின் 11ஆம் கந்தத்தில் அவதூதர் தமக்குக் குருவாக அமைந்தவை என்று எண்ணும் இருபத்து நான்கில் இந்தக் குளவியும் ஒன்று. சைவ சித்தாந்தச் சொற்பொழிவாளர்களும், குரு சீடனைத் தன் நிலைக்கு உயர்த்துவதை விளக்க இன்றுவரை இதையே எடுக்கிறார்கள்.

கண்டது தவறல்ல, கண்டதிலிருந்து எட்டிய முடிவுதான் தவறு. குளவி கொட்டுவது உண்மை. அந்த நஞ்சு இரையைக் கொல்லாமல் முடக்கிப் போடுகிறது. செத்த இரை இரண்டு நாளில் அழுகிவிடும், முடங்கிய இரை குஞ்சு தின்று முடிக்கும்வரை கெடாமல் கிடக்கும். கூட்டுக்குள் ஒரு முட்டையும் இருக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு, அடைத்து வைத்த இரையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து வெளியேறுகிறது. உள்ளே போன புழு வேறு, வெளியே வந்த குளவியின் புழு வேறு. ரீங்காரம் கேட்டுக் கேட்டே புழு மாறுகிறது என்று சொல்வதற்கும் கண்கூடான அடிப்படை உண்டு. மண்குளவி ஈர மண் உருண்டையை வைத்துப் பூசும்போது உடலை அதிரவிட்டு ரீங்கரிக்கிறது. அந்த அதிர்வில் மண் இளகிப் படிகிறது. கொத்தனார் கரண்டியால் தட்டுவதைப் போன்ற வேலை அது. மந்திரம் ஓதுவதாகக் கேட்பவர் காதில் விழுந்தது.

இந்த மயக்கம் தமிழருக்கோ இந்தியருக்கோ மட்டும் உரியதல்ல. சீனத்தின் பழம்பாடல் தொகுப்பான ஷிஜிங்கில், குளவி பிறரின் புழுவைத் தூக்கிச் செல்வது வருகிறது. பின்வந்த உரைகாரர்கள், என்னைப் போல் ஆகு என்று குளவி புழுவிடம் ஓதுவதாக விளக்கம் சொன்னார்கள். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ அறிஞர் தாவோ ஹோங்ஜிங் அதை மறுத்து, குளவி முட்டையிட்டு அதன் குஞ்சுக்கு உணவாகவே புழுவை அடைக்கிறது என்று எழுதினார். ஐரோப்பாவில் இதை மிக நுணுக்கமாகப் பார்த்தவர் பிரான்ஸின் ழான் ஆன்றி ஃபாப்ர். 1879 முதல் 1907 வரை வந்த அவருடைய பூச்சி நினைவுக் குறிப்புகளில் வேட்டைக் குளவிகளுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் உண்டு. சுரைக்குடுக்கை வடிவில் கூடு கட்டும் குளவி, முட்டையைக் கூட்டின் கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்கவிடுகிறது என்றும், கீழே நெளியும் புழுக்களின் உதைக்கு எட்டாமல் குஞ்சு மேலிருந்தே தலையை நீட்டித் தின்கிறது என்றும் அவர் விவரித்தார்.

சொலவடையில் வரும் குளவி எது என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. தாம்பரத்து வீடுகளில் அதிகம் காணப்படும் மதராஸ்பட்டானம் கம்பளிப்புழுவைத் தொடுவதில்லை. அதன் கூட்டை உடைத்தால் உள்ளே இருப்பவை சிலந்திகள், ஒவ்வோர் அறையிலும் பல. கறுப்பு உடலில் மஞ்சள் பொட்டுகளும் கறுப்பும் மஞ்சளுமான கால்களும் கொண்ட இது, நீள அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, மேலே மொத்தமாகப் பூசிவிடும். பூசி முடித்த கூடு சுவரில் அப்பிய சேற்றுக் கட்டிபோல் இருக்கும். புழுவைக் கொண்டுவருவது டெல்டா என்ற இனத்துக் குளவி. செம்பழுப்பிலும் மஞ்சளிலும் கறுப்புப் பட்டைகளோடு, மதராஸ்பட்டானத்தைவிடப் பருமனாக இருக்கும். கட்டுவது உருண்டைச் சட்டிகள். கூட்டை வைத்தே குயவனையும் கொத்தனையும் பிரித்துவிடலாம். வேதாந்திகளின் உவமைக்கு உரிய பூச்சி இந்தக் குயவன்தான்.

கைவிட்ட மண்கூட்டில் குடியேறும் மூன்றாம் ஆள் ஒன்று உண்டு. கருநீலமாக மினுக்கும் கேலிபியான் பெங்காலென்ஸ், சொந்தமாகக் கூடு கட்டாது. மதராஸ்பட்டானத்தின் பழைய அறைகளைச் சரிசெய்து, அதுவும் சிலந்தியையே நிரப்பி முட்டையிடும். ஒரே கூட்டிலிருந்து ஒரு வருஷம் மஞ்சள் பொட்டுக் குளவியும் மறு வருஷம் நீலக் குளவியும் வெளிவந்தால், பார்ப்பவர் உருமாற்றத்தை நம்பத்தான் செய்வார்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுவதும் உண்டு. கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் கூட்டைக் கலைக்க மாட்டார்கள். அடைத்து வைத்த அறையிலிருந்து புதுவுயிர் வரும் காட்சி இதற்குப் போதுமான காரணம். சொல்லும் துணை நின்றிருக்கலாம். குழவி என்றால் பச்சைக் குழந்தை. ழகரம் ளகரமாகத் தேய்ந்த நாவில் குழவியும் குளவியும் ஒன்றாக ஒலிக்கின்றன. குளவிக்கூட்டு மண்ணைக் குழைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடும் பாட்டி வைத்தியமும் இருந்தது. இதனாலெல்லாம் மண்குளவி வீட்டுக்குள் இடம் பெற்றது. அது கொட்டுவதும் மிக அரிது. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். கூட்டுக்காக ஆளைத் துரத்தாது. பாதுகாக்க ராணியோ படையோ இல்லாத தனிக்குடித்தனம் அதனுடையது.

ஐரோப்பியரின் தடம் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. டேனியரின் அந்தத் துறைமுகத்துக்கு 1768இல் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸிடம் பயின்றவர். பின்னர் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1778 முதல் மதராஸில் கம்பெனிச் சம்பளம் பெற்று, 1785இல் இறக்கும்வரை செடியும் பூச்சியும் சேகரித்தார். கறையானைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியானது. அவர் கப்பலேற்றிய பூச்சிகள் லண்டனில் ஜோசப் பேங்க்ஸின் தொகுப்புக்கும் ஃபேப்ரிசியஸின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தன. ஃபேப்ரிசியஸும் லின்னேயஸின் மாணவரே. ஆசிரியர் சிறகை வைத்துப் பூச்சிகளைப் பிரித்தார், மாணவர் வாயுறுப்புகளை வைத்துப் பிரித்தார். சோழமண்டலக் கரையைக் கண்ணால் காணாத ஃபேப்ரிசியஸ், இங்கே அன்றாடம் பறக்கும் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர். கொம்புத்தேனீ 1787, மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் 1793, கரப்பானை வேட்டையாடும் பச்சைக் குளவி மதராஸ்பட்டானம் பதிவான அதே 1781.

அந்தப் பெயரிடலிலும் தடுமாற்றம் இருந்தது. தமிழகத்தில் கதண்டு என்று அஞ்சப்படும் இரண்டு பெருங்குளவிகளையும் முதலில் பதிவு செய்தவர் லின்னேயஸ். ஒன்றை 1758இல் மண்குளவிகளின் கூட்டத்திலும், மற்றதை 1764இல் தேனீக்களின் கூட்டத்திலும் வைத்தார். இன்று அவை வெஸ்பா ட்ராபிகா, வெஸ்பா அஃபினிஸ் என்று ஒரே இனத்தில் இருக்கின்றன. செத்து உலர்ந்து ஊசியில் குத்திய ஒற்றைப் பூச்சியைப் பார்த்து எழுதியவருக்கு, அது கூட்டமாக வாழ்வதா தனியாக வாழ்வதா என்பது தெரிய வழியில்லை. கதண்டையும் வேட்டுவாளியையும் ஒரே கூடையில் போட, தஞ்சாவூர் உழவர் எவரும் ஒப்பியிருக்க மாட்டார்.

இனம் தவறினால் பணமும் போகும் என்பதற்கு மதராஸிலேயே ஓர் உதாரணம் உண்டு. கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786இல் நகருக்கு வெளியே புல்லில் கண்ட ஒரு பூச்சியை, சிவப்புச் சாயம் தரும் விலையுயர்ந்த மெக்சிகோ கொச்சினீல் பூச்சியின் உறவு என்று நம்பி, பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். கடிதங்கள் மதராஸிலேயே அச்சாயின. கொச்சினீல் வளர்க்கச் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமும் உருவானது. ஆனால் புல்லில் கண்ட பூச்சி சாயத்துக்கு உதவவில்லை.

இந்தியக் குளவிகளை ஒழுங்காக இனம் பிரிக்க ஆங்கிலத்தில் முதல் முழு வழிகாட்டி 1897இல்தான் வந்தது. ராணுவ அதிகாரியாக இருந்து பர்மா வனத்துறைக்குப் போன சார்லஸ் தாமஸ் பிங்கம், பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொடரில் குளவிகளுக்கும் தேனீக்களுக்குமாக ஒரு தொகுதி எழுதினார். இத்தகைய வழிகாட்டிகளில் வரும் அடையாளங்களில் ஒன்றைச் சாதாரணக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். உட்கார்ந்திருக்கும்போது கதண்டும், காகிதக் கூட்டுக் குளவியும், சட்டி கட்டும் குளவியும் முன்சிறகை விசிறிபோல் நீளவாக்கில் மடித்து வைத்துக்கொள்ளும். சிறகு ஒடுங்கிய பட்டையாகத் தெரியும். மதராஸ்பட்டானமும் அதன் உறவினரும் சிறகை மடிக்காமல் தட்டையாக முதுகின் மேல் கிடத்தும். இந்த ஒரு பார்வையில் பெருங்குளவிகள் இரண்டு பெரும் பிரிவாகப் பிரிந்துவிடும்.

வேளாண்மைத் துறை வேறு காரணத்துக்காகக் குளவியைப் பார்த்தது. சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்குப் போனது. அதன் வாரிசே இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மதராஸ் அரசின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் ஃப்ளெட்சர், கடற்படைப் பணியிலிருந்து பூச்சிக்கு மாறியவர். தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய அவருடைய தடித்த நூலை 1914இல் மதராஸ் அரசு அச்சகம் வெளியிட்டது. டி. வி. ராமகிருஷ்ண அய்யரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வந்தது. இந்த வரிசையில் குளவியைப் பற்றிய கேள்வி, கொட்டுமா என்பதிலிருந்து எதைத் தின்னும் என்பதாக மாறியது. அதன் பயனாகப் பயிர்ப்பூச்சியை அழிக்கும் சிறு குளவிகள் ஒட்டுண்ணிக் குளவி என்ற பெயரில் உழவருக்கு அறிமுகமாயின. மரவள்ளி மாவுப்பூச்சியை ஒடுக்க 2022இல் தமிழ்நாட்டில் விடப்பட்டதும் அப்படி ஒன்றுதான். அது எள்ளளவே இருக்கும். அதற்கும் கதண்டுக்கும் குளவி என்று ஒரே சொல் புழங்குவதால், பயன் தரும் பூச்சிக்கும் கெட்ட பெயரில் பங்கு கிடைத்துவிடுகிறது.

இந்த அறிவு வளர்ந்த காலத்தில் தாம்பரம் ஊரும் காடும் ஏரியுமாக இருந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதும் நகரம் தெற்கே நகர்ந்தது. 1937இல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டின் 365 ஏக்கருக்கு வந்தது. அந்த வளாகமும், நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளும் இந்தப் பகுதியின் பழைய புதர்க்காட்டில் எஞ்சியவை. சென்னையின் குளவிகளைப் பார்க்க விரும்புபவருக்கு இன்றும் அவையே இடம். செம்மண் தரையில் வளை தேடித் தாழப் பறக்கும் பச்சை நீலக் குளவி குளோரியான் லோபேட்டம். மூன்று சென்டிமீட்டர் நீளம், வெயிலில் உலோகம்போல் மின்னும். அதன் இரை சுவர்க்கோழி. பார்க்க அச்சமூட்டும், மனிதரைச் சட்டை செய்யாது. உடல் முழுக்க மயிர் அடர்ந்து, கருஞ்சிறகில் நீலம் பளபளக்கப் பூக்களில் மேயும் ஸ்கோலியாக் குளவி, எருக்குழியிலும் மண்ணிலும் வளரும் வண்டுப் புழுக்களைத் தோண்டிப் போய்க் கொட்டி முட்டையிடும்.

கரப்பான் வேட்டைக்காரனான ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸா வீட்டுக்குள்ளேயே வரும். மரகதப் பச்சை உடல், தொடையில் சிவப்பு. கரப்பானை இரண்டு முறை கொட்டுகிறது. முதல் கொட்டு முன்னங்காலைச் சற்று நேரம் தளர்த்தும். இரண்டாவது தலைக்குள் மூளையில் இறங்கும். அதற்குப் பிறகு கரப்பானால் நடக்க முடியும், தானாக நடக்கத் தோன்றாது. குளவி அதன் மீசையைக் கடித்துக் கத்தரித்து, மிச்சத்தைப் பிடித்து, கயிறு கட்டிய மாடுபோல் வளைக்கு ஓட்டிப் போகும். கரப்பானை ஒழிக்க உதவும் என்று 1941இல் ஹவாய்த் தீவுகளுக்கு இதைக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு கரப்பானாகப் பிடிக்கும் தனி வேட்டைக்காரனால் தீவு அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை.

இவற்றுக்கு நடுவில் உண்மையாகவே அஞ்ச வேண்டியவை கதண்டுகள். இரண்டும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், கறுப்பு அல்லது கரும்பழுப்பு உடல். வெஸ்பா அஃபினிஸின் வயிற்றில் முதல் இரண்டு வளையங்களும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். வெஸ்பா ட்ராபிகாவில் இரண்டாம் வளையம் மட்டும் மஞ்சள், இடுப்பை ஒட்டிய முதல் வளையம் கறுப்பாகவே நிற்கும். அஃபினிஸ் மரக்கிளையிலும் புதரிலும் கட்டட விளிம்பிலும், மரச்சக்கையை மென்று செய்த காகிதத்தால் பெருங்கூடு கட்டும். ட்ராபிகா மரப்பொந்தையும் மண்ணடிப் பள்ளத்தையும் விரும்பும். மற்றக் காகிதக் குளவிகளின் கூட்டைக் கொள்ளையடித்து, அவற்றின் புழுக்களைத் தூக்குவதே அதன் பிழைப்பு. கொட்டுவது பெண் மட்டுமே. முட்டையிடும் உறுப்பு உருமாறியதுதான் கொடுக்கு என்பதால் ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. தேனீயின் கொடுக்கு முள்வைத்தது, ஆளின் தோலில் சிக்கி அறுந்துவிடும், தேனீயும் சாகும். கதண்டின் கொடுக்கு அப்படிச் சிக்குவதில்லை. ஒரே பூச்சி பல முறை கொட்டும். பல கொட்டு வாங்கியவருக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்க நேரிடலாம். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டில்கூட உயிர் போகலாம்.

ஆகவே இனம் பிரிப்பதில் பிழை செய்யக் கூடாத இடம் இதுதான். அச்சிலோ நேர்மாறாக நடந்தது. கதண்டு என்ற வட்டாரச் சொல் மாநிலம் முழுவதும் புரியாது என்பதாலோ என்னவோ, நாளிதழ்கள் விஷ வண்டு என்று எழுதத் தொடங்கின. பனைமரத்தில் விஷ வண்டுக் கூடு, தீயணைப்புத் துறையினர் இரவில் தீப்பந்தத்தால் அழித்தனர் என்ற செய்தி தமிழ் வாசகருக்கு நன்கு பழகியது. அந்த வண்டு கதண்டாக இருக்கலாம், மலைத்தேனீயாகவும் இருக்கலாம், சில சமயம் காகிதக் குளவியாகவும் இருக்கலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டச் செய்திகளில் குளவிக் கொட்டு என்ற தொடருக்கும் இதே கதி. கொழுந்து பறிப்பவர்களைத் தாக்கிய மலைத்தேனீயும் அங்கே குளவியாகிவிடுகிறது. இரவில் அழிப்பது என்ற வழக்கத்தில் மட்டும் அறிவு இருக்கிறது. இருட்டியபின் கூட்டம் முழுவதும் கூட்டுக்குள் அடங்கியிருக்கும், பார்வையும் குறைவு.

விஷ வண்டு என்ற பெயரின் கீழ் அதிகம் அநியாயமாக மாட்டுவது மரத்தைத் துளைக்கும் கருவண்டு. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டும் கரிய உடலும் நீலம் பாய்ந்த சிறகுமாக, ஹெலிகாப்டர் இரைச்சலோடு முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இது குளவியும் அல்ல, வண்டும் அல்ல, தேனீ. மூங்கிலிலும் பழைய உத்தரத்திலும் விரல் நுழையும் வட்டத் துளையிட்டுத் தனியே வாழும். முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் கொடுக்கில்லாத ஆண். இதைத் தவிர, குளவியின் மஞ்சள் கறுப்பை அணிந்து திரியும் ஈக்களும் உண்டு. ஈக்கு இரண்டே சிறகு, கொட்டாது. குளவிக்கு நான்கு. பாதுகாப்பற்ற பூச்சி ஆபத்தான பூச்சியின் வேடம் போட்டுத் தப்பிப்பதை 1862இல் அமேசான் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். பறவையை ஏமாற்றப் போட்ட வேடத்தில் மனிதரும் ஏமாறுகிறார்.

இப்படி ஏமாறாமல் இனம் அறியும் நாட்டறிவும் இங்கே உண்டு. செங்கல்பட்டுப் பகுதியின் இருளர் பழங்குடியினர் தரையிலுள்ள துளையைப் பார்த்தே உள்ளிருப்பது எலியா பாம்பா என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களுடைய பாம்பறிவுக்கு 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் கிடைத்தது. அதே ஆண்டில் சென்னையில் மதராஸ் இயற்கையாளர் சங்கமும் தோன்றியது. கிண்டிக் காடு தேசியப் பூங்கா ஆனதும் அந்த ஆண்டில்தான். இவற்றின் கவனம் பெரும்பாலும் பாம்பு, பறவை, மான் மீதே இருந்தது. கதண்டு, கடந்தை, வேட்டுவாளி என்ற சொற்களைச் சேகரித்து, எந்த ஊரில் எந்தப் பெயர் எந்தப் பூச்சியைக் குறிக்கிறது என்று படத்தோடு பொருத்தும் வேலை இன்னும் பாக்கி.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனது. ஏரிக்கரைப் பனைகள் குறைந்ததும் கதண்டுக் கூடுகள் அடுக்குமாடிப் பால்கனிக்கும் கைபேசிக் கோபுரத்துக்கும் ஏறின. மதராஸ்பட்டானத்துக்கு அப்படி ஒரு சிரமம் இல்லை. ஈர மண்ணும், மழை படாத ஒரு மூலையும், சிலந்தியும் இருந்தால் போதும். ஏசி எந்திரத்தின் நீர்வடி குழாய், பூட்டின் சாவித்துளை, ஓட்டாமல் நிறுத்திய ஸ்கூட்டர் என்று எல்லாத் துளையும் அதற்கும் அதன் உறவினருக்கும் அறைதான். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் நடுவே வாழும் பூச்சிக்கு இந்தப் பழக்கம் சிறிய விஷயமல்ல. விமானத்தின் வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாய், ஒரு மண்குளவி தேடும் அளவுதான் இருக்கும். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசில் புறப்பட்ட பர்கன்ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பல நாள் மூடாமல் விட்ட பிட்டாட் குழாயை மண்குளவி அடைத்திருக்கலாம் என்பது விசாரணையாளரின் சந்தேகம். அங்கே சந்தேகத்துக்கு ஆளானது மதராஸ்பட்டானத்தின் அமெரிக்கச் சகோதரி, ஸ்கெலிஃப்ரான் கேமென்டேரியம். நிறுத்தி வைத்த விமானத்தின் பிட்டாட் குழாய்க்குத் துணியுறை மாட்டி, பறக்கும்முன் கழற்ற மறக்காதிருக்கச் சிவப்புப் பட்டை தொங்கவிடுவது உலகெங்கும் உள்ள நடைமுறை.